கிளையன்ட் 'மோர் அனான்'னு மெயில் போட்டிருக்காரு, இது மொட்டைக் கடுதாசி மேட்டரா?

ஒண்டிப்புதூரான்

வணக்கமுங்க. நான் கோயமுத்தூர்ல ஒரு சின்ன கம்பெனில இருக்கேன், பம்ப் பார்ட்ஸ் எக்ஸ்போர்ட். இங்கிலாந்துல ஒரு பையர் இருக்காரு, எழுவது வயசுக்கு மேல இருக்கும், நல்ல மனுசன், ஆனா அவரோட இங்கிலீஷ் இருக்கே, நாம படிச்ச இங்கிலீஷ் இல்லீங்க அது. போன திங்கக்கிழமை ஒரு மெயில். லாட் நல்லா வந்துருச்சு, நன்றின்னு சொல்லிட்டு கடைசி வரில 'தேர் இஸ் அனதர் மேட்டர், மோர் அனான்'னு முடிச்சுட்டாரு. அவ்ளோதான். கீழ பேரு.

எனக்கு மோர்னா முதல்ல குடிக்கிற மோருதான் ஞாபகம் வந்துச்சு, அதை விடுங்க. அனான்னா அனானிதானே? நான் பழைய ப்ளாக் காலத்து ஆளுங்க, 2006, 2007ல எல்லாம் தமிழ் ப்ளாக்ல பேரு போடாம வந்து திட்டிட்டுப் போறவங்களை அனானின்னுதான் சொல்லுவோம், அனானி கமெண்ட்டை மூடி வைங்கன்னு ஒரு பெரிய சண்டையே நடக்கும். அதனால நான் என்ன நெனச்சேன்னா, நம்ம கம்பெனில இருந்தே யாரோ பேரு போடாம அவருக்கு ஏதோ எழுதிப் போட்டிருக்காங்க, இன்னொரு மேட்டர் இருக்கு, அனானிகிட்ட இருந்து இன்னும் வந்திருக்குன்னு சொல்றாருன்னு. நெனச்சதோட நிறுத்தியிருக்கலாம். முதலாளிகிட்டயும் போய் அப்படியே சொல்லிட்டேன். அவரு இப்ப ரெண்டு நாளா பேக்கிங் செக்சன் ஆளுங்களை ஒரு மாதிரி பாத்துட்டு இருக்காரு.

நேத்து ராத்திரி சும்மா யோசிச்சப்ப ஒரு டவுட்டு வந்துச்சு, இது வேற வார்த்தையா இருக்குமோன்னு. தெரிஞ்சவங்க சொல்லுங்க. கொஞ்சம் சீக்கிரமா சொன்னா புண்ணியமா போகும்.

மழைத்தவளை

தலைவா 😂😂 ரெண்டும் வேற வேற. இது பழைய இங்கிலீஷ் அட்வெர்ப். 'கொஞ்ச நேரத்துல', 'அப்புறமா'ன்னு அர்த்தம். 'மோர் அனான்'னா 'மிச்சத்தை அப்புறம் சொல்றேன்'. அவ்ளோதான். மொதல்ல போய் முதலாளிகிட்ட சொல்லுங்க, யாருக்காவது வேலை போயிடப் போகுது.

ஒண்டிப்புதூரான்

ஐயோ சாமி. அப்ப அந்த அனானி, இந்த அனான் ரெண்டும் சொந்தமே இல்லீங்களா?

மழைத்தவளை

ஒட்டும் இல்ல உறவும் இல்ல. அனானிமஸ் கிரேக்கத்துல இருந்து வந்தது, 'பேர் இல்லாத'ன்னு அர்த்தம். கவிதைத் தொகுப்புல எழுதினது யாருன்னு தெரியலன்னா கீழ 'அனான்'னு போட்டு ஒரு புள்ளி வைப்பாங்க, அந்தப் புள்ளி எதுக்குன்னா இது சுருக்கம்னு காட்ட. நம்ம அட்வெர்ப்புக்கு புள்ளி கிடையாது. ஆனா உங்க ஆளு வரியோட கடைசில போட்டதால அங்கயும் ஒரு முற்றுப்புள்ளி வந்திருக்கும், பாவம் நீங்க என்ன பண்ணுவீங்க.

நானும் மாட்டியிருக்கேன். பழைய ஆபீஸ்ல கெத்து காட்டறதுக்காக ஒரு சர்வே மெயிலுக்கு 'வில் ரிப்ளை அனான்'னு போட்டேன். அந்தம்மா 'நோ ப்ராப்ளம், உங்க பேரு வெளிய வராது'ன்னு பதில் போட்டாங்க. நானும் சரின்னு பேரு இல்லாமயே ஃபார்ம் அனுப்பிச்சேன், மனசுல இருந்ததை எல்லாம் கொட்டி. அதுக்கப்புறம் அந்த வார்த்தையைத் தொடல.

பாளை டீச்சரம்மா

தம்பி ஒண்டிப்புதூர், இந்த வார்த்தையைப் பத்தி நீங்க கேட்டது எனக்கு ரொம்ப சந்தோசம், ஏன்னா முப்பது வருசம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுத்திருக்கேன், ஒருத்தர் கூட இதைக் கேட்டதில்ல. கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுத்துக்கிடுங்க.

மழைத்தவளை சொன்ன அர்த்தம் இன்னைக்குள்ள அர்த்தம், சரிதான். ஆனா இது பிறந்தப்ப 'அப்புறம்' இல்ல. 'உடனே'. பழைய இங்கிலீஷ்ல 'ஒன் ஆன்'னு ரெண்டு வார்த்தை, 'ஆன்'னா ஒண்ணு. 'ஒண்ணா', 'ஒரே இதா', அப்படியே 'ஒரே மூச்சில', 'உடனே'ன்னு ஆகிட்டு. இன்னைக்கும் 'அட் ஒன்ஸ்'னு சொல்லுதோம்லா, அதுக்குள்ளயும் அதே ஒண்ணுதான் உக்காந்திருக்கு. இப்ப நம்ம 'உடனே'யை எடுத்துப் பாருங்க. 'உடன்'னா என்ன? கூட, சேந்து. உடன்பிறப்பு, உடன்கட்டை, உடன்படிக்கை. அந்த 'உடன்'தான் 'உடனே' ஆகி நேரத்தைச் சொல்ல வந்துட்டு. ரெண்டு பாசைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனா ஒண்ணா இருக்கதுல இருந்து உடனேக்கு ரெண்டும் ஒரே பாதையில நடந்து வந்திருக்கு. இதை நான் வகுப்பில சொன்னா பிள்ளைக கொட்டாவி விடும். நீங்களாவது கேளுங்க.

பைபிள் படிக்கவங்களுக்கு இது லேசா புரியும். 1611ல வந்த ஜேம்ஸ் ராஜா இங்கிலீஷ் பைபிள்ல மாற்கு 1:30 எடுத்துக்கிடுங்க, சீமோனோட மாமியாருக்கு ஜுரம், 'அனான்' போய் இயேசுகிட்ட சொன்னாங்கன்னு இருக்கும். நம்ம தமிழ் பைபிள்ல அந்த இடத்தில 'உடனே'. மத்தேயு 13:20ல விதைக்கிறவன் உவமையிலயும் அப்படித்தான், வசனத்தைக் கேட்டு 'அனான்' சந்தோசமா ஏத்துக்கிடுதான், தமிழ்ல 'உடனே'. இங்கிலீஷ்ல மட்டும் படிச்சவங்க இன்னைக்குள்ள அர்த்தத்தை வச்சு, மாமியாருக்கு ஜுரம்னு ஆற அமர அப்புறமா போய் சொன்னாங்கன்னு எடுத்துக்கிடுவாங்க. எங்க ஊர்ல அப்படி நடந்தா வீட்டில பெரிய சண்டை வந்திரும்.

இதில வேடிக்கை என்னன்னா 1611லயே இது அரைகுறையா மாறிப்போச்சு. பைபிள்ல பழைய அர்த்தம், நாடகத்தில புது அர்த்தம். ஷேக்ஸ்பியரோட நாலாம் ஹென்றி முதல் பாகம், 1598ல அச்சில வந்தது, ரெண்டாம் அங்கம் நாலாம் காட்சி. ஒரு சாராயக்கடையில பிரான்சிஸ்னு ஒரு சின்னப் பையன், கோப்பையில ஊத்திக் குடுக்குற வேலை. இளவரசன் ஹால் அவனை ஒரு பக்கம் பேச்சுக் குடுத்து நிறுத்தி வச்சிருக்கான், கூட்டாளி பாயின்ஸ் அடுத்த ரூம்ல இருந்து 'பிரான்சிஸ்! பிரான்சிஸ்!'னு கூப்பிட்டுட்டே இருக்கான், ரெண்டு பேரும் சேந்து போட்ட திட்டம். பையன் ஒவ்வொரு தடவையும் 'அனான், அனான், சர்'ங்கான். நம்ம ஹோட்டல்ல சர்வர் பையன் அந்தப் பக்கம் திரும்பிட்டே 'இதோ வந்துட்டேன் சார்'ங்கானே, அச்சு அசலா அதேதான். வர மாட்டான். வாய் மட்டும் வந்திரும்.

அதைவிட நல்ல இடம் ஒண்ணு இருக்கு. இளவரசன் அவன்கிட்ட, நீ குடுத்த ஒரு பென்னி சர்க்கரைக்கு ஆயிரம் பவுண்டு தாரேன், எப்ப வேணும்னாலும் கேளுங்கான். அந்நேரம் பாத்து உள்ள இருந்து சத்தம், பையன் பழக்கதோசத்தில 'அனான், அனான்'ங்கான். இளவரசன் அதையே பிடிச்சுக்கிட்டு, அனானா? இல்ல பிரான்சிஸ், நாளைக்கு வேணா கேளு, இல்லேன்னா வியாழக்கிழமை, இல்லேன்னா உனக்கு எப்ப தோணுதோ அப்பன்னு இழுக்கான். ஆயிரம் பவுண்டை இப்ப குடுன்னு பையன் கேட்டதா எடுத்துக்கிட்ட மாதிரி ஒரு நக்கல். அந்த ஒரு பேச்சிலயே 'உடனே'யும் இருக்கு, 'அப்புறம்'உம் இருக்கு. படிக்கும்போது சிரிப்பு வரும், ஆனா அந்தப் பையனை நெனச்சா பாவமாவும் இருக்கும் எனக்கு. இன்னும் அஞ்சு வருசம் அங்க வேலை பாத்தாகணும்னு வேற சொல்லுவான்.

ஆக, உடனே வாரேன் உடனே வாரேன்னு சொல்லிட்டு வராத ஆளுக ஆயிரம் பேரு சேந்துதான் இதோட அர்த்தத்தை மாத்திப் போட்டுட்டாங்க. சாசர் காலத்தில, அதாவது 1400க்கு முன்னாடியே, வெறும் 'அனான்' பத்தாம 'ரைட் அனான்'னு அழுத்திச் சொல்லுவாங்க. இப்ப 'நவ்' பத்தாம 'ரைட் நவ்'ங்கோம்லா. நாம 'உடனே' பத்தாம 'உடனடியாக'ங்கோம், அதுவும் பத்தாட்டி 'இப்பவே இந்த நிமிசமே'.

மழைத்தவளை

டீச்சர் 🙏🙏 நான் ரெண்டு வரில முடிச்ச மேட்டரை எங்கயோ கொண்டு போயிட்டீங்க. ஒரு சந்தேகம், இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும்தான் இப்படி ஆச்சா?

பாளை டீச்சரம்மா

எங்க? வரிசையா எல்லாத்துக்கும் இதே கதிதான். 'சூன்' இருக்குல்லா, பழைய இங்கிலீஷ்ல 'சோனா', அதுக்கும் 'உடனே'தான் அர்த்தம். 'பை அண்ட் பை'யும் அப்படித்தான். மாற்கு 6:25ல ஏரோதியாளோட மக யோவான் தலையை 'பை அண்ட் பை' தாங்கன்னு கேப்பா. இன்னைக்கு அர்த்தத்தில படிச்சா என்னமோ கடைக்காரர்கிட்ட மெதுவா குடுங்க அவசரமில்லன்னு சொன்ன மாதிரி இருக்கும். தமிழ்ல 'இப்பொழுதே'ன்னு கரெக்டா இருக்கு. 'பிரசன்ட்லி' இன்னொண்ணு, இயேசு சபிச்ச அத்திமரம் 'பிரசன்ட்லி' பட்டுப்போச்சு, மத்தேயு 21:19. உடனே பட்டுப்போச்சு. அதுக்கப்புறம் இங்கிலாந்தில அது 'கொஞ்ச நேரத்தில'ன்னு ஆகிட்டு, நம்ம ஊர்லயும் அமெரிக்காவிலயும் 'தற்போது'ங்குற அர்த்தத்தில ஓடுது. 'ஐ ஆம் பிரசன்ட்லி ஒர்க்கிங்'னு பயோடேட்டாவில போடுதோம்லா. தம்பி, உங்க பையருக்கு அதை எழுதும்போது ஒரு தடவை யோசிச்சுக்கிடுங்க, அவரு வயசுக்கு அவரு வேற மாதிரி எடுத்துக்கிடலாம்.

டர்பன்வாசி

தலையில கட்டற டர்பன் இல்ல, ஊர் டர்பன், தென்னாப்பிரிக்கா 😀 வேலைக்கு வந்து நாலு வருசம் ஆச்சு. டீச்சரம்மா சொன்னதைப் படிச்சதும் சிரிச்சுட்டேன், ஏன்னா இங்க அது இன்னைக்கும் கண்ணு முன்னாடி நடந்துட்டு இருக்கு.

நம்ம ஊர்ல 'ஜஸ்ட் நவ்'னா இப்பத்தான், இந்த நிமிசம் முன்னாடி. ஜஸ்ட் நவ் வந்தேன் சார், ஜஸ்ட் நவ் சாப்ட்டேன். இங்க 'ஜஸ்ட் நவ்'னா அப்புறம். அதுவும் எப்பன்னு தெரியாத அப்புறம். வந்த முதல் மாசம் பாத்ரூம் பைப் உடைஞ்சு ப்ளம்பருக்கு போன் பண்ணேன், 'ஐ வில் கம் ஜஸ்ட் நவ்'னாரு, சரி தெரு முனைல நிக்கறாரு போலன்னு கேட்டைத் தொறந்து வச்சுட்டு வாசல்ல நின்னேன், அரை மணி, ஒரு மணி, சாயங்காலம் ஆச்சு. பக்கத்து வீட்டுப் பாட்டி, அவங்க தாத்தாவோட அப்பா காலத்துல கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம், தமிழ் ரெண்டு மூணு வார்த்தைதான் தெரியும், அவங்கதான் சொன்னாங்க, 'நவ் நவ்'னு சொல்லியிருந்தா கொஞ்ச நேரத்துல வருவாரு, 'ஜஸ்ட் நவ்'னு சொல்லிட்டாருல்ல, நீ போய் சமையல் பண்ணுன்னு. 'நவ்' ஒரு தடவை சொன்னா கூட நம்ப முடியாது, ரெண்டு தடவை சொன்னாத்தான் கொஞ்சம் நம்பலாம். அந்த பிரான்சிஸ் பையனும் ரெண்டு தடவை சொன்னான்ல, அனான் அனான்னு. ஆனா அவன் அப்படியும் வரல.

சுன்னாகத்தான்

எங்கட பக்கத்திலயும் இதே கதைதான். அம்மா கூப்பிட்டா 'இந்தா வாறன்' எண்டு சொல்லிப்போட்டு அப்பிடியே இருக்கிறது, பிறகு 'கெதியா வாடா' எண்டு அகப்பைக்காம்போட வருவா. 'இந்தா'வுக்கு ஒரு பெறுமதியும் இல்லை இப்ப.

ஆனா டீச்சர் 'உடன்' பற்றிச் சொன்னதில ஒரு சின்ன விசயம் சேர்க்கவேணும். யாழ்ப்பாணத்தில 'உடன் மீன்' எண்டு சொல்லுவம். கூட வந்த மீன் எண்டு நினைக்கக்கூடாது, இப்ப பிடிச்சுக் கரைக்கு வந்த புது மீன். 'உடன் கள்ளு'ம் அப்பிடித்தான், மரத்தில இருந்து இறக்கின கையோட குடிக்கிறது. அந்தச் சொல்லு இன்னும் கெட்டுப்போகேல்லை எண்டு நினைக்கிறன். ஏனெண்டா மீன்காரன் உடன் எண்டு பொய் சொன்னா செவுளைப் பார்த்தே பிடிச்சிடலாம், வாறன் எண்டு சொல்லுறவனை எதை வச்சுப் பிடிக்கிறது?

பாளை டீச்சரம்மா

உடன் மீன்! இத்தனை வருசத்தில இது எனக்குத் தெரியாது. நோட்டில எழுதி வச்சுக்கிட்டேன், ரொம்ப நன்றி தம்பி.

மழைத்தவளை

டீச்சர், ஒண்டிப்புதூர் அண்ணனுக்கு உதவற மாதிரி யூசேஜும் கொஞ்சம் சொல்லிடுங்களேன். 'சூன்' போடற இடத்துல எல்லாம் 'அனான்' போடலாமா?

பாளை டீச்சரம்மா

முடியாது. 'வெரி சூன்'ங்கலாம், 'வெரி அனான்' கிடையாது. 'சூனர்' உண்டு, 'அனானர்' கிடையாது. 'ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்'ல இதைத் தூக்கிப் போட்டுப் பாருங்க, நாக்கே ஒத்துக்கிடாது. பெரும்பாலும் வாக்கியத்தோட வாலில நிக்கும். 'சீ யூ அனான்', 'மோர் ஆஃப் திஸ் அனான்', இப்படி ரெண்டு மூணு கூடுதான் அதுக்கு இன்னைக்கு மிச்சம். வயசான வெள்ளைக்காரங்க எழுதினா ஒரு செல்லம், லேசா ஒரு சிரிப்பு இருக்கும் அதில, நாம 'யான் பிறகு வருகுவேன்'னு வேணும்னே விளையாட்டுக்குச் சொல்லுத மாதிரி. நீங்க பதில்ல அதையே திருப்பிப் போடாதீங்க, 'சூன்'னே போடுங்க.

'எவர் அண்ட் அனான்'னு ஒண்ணு பழைய கதைகள்ல வரும், அது மட்டும் தனி, 'அப்பப்ப', 'விட்டு விட்டு'ன்னு அர்த்தம். 'நவ்' ஒரு பக்கம் 'அனான்' ஒரு பக்கம் வச்சு எழுதினா ஒரு நேரம் இங்க, மறுநேரம் அங்கன்னு. பரீட்சைக்கு வராது. கவிதையில வந்தா முழிக்காதீங்க.

ஒண்டிப்புதூரான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. லேட்டா வர்றதுக்கு மன்னிக்கணும், இங்க ஒரே களேபரம்.

டீச்சரம்மா சொன்னதைப் பிரிண்ட் எடுத்து முதலாளிகிட்ட காட்டினேன். சாராயக்கடைப் பையன் கதை வரைக்கும் நல்லா சிரிச்சுக் கேட்டாரு, அப்புறம் 'சரி, இது அந்த அனான்னே இருக்கட்டும், ஆனா அந்தாளு எதை அப்புறம் சொல்றேங்கறாரு? அதுக்குள்ள ஏதோ இருக்குல்ல?'ன்னு திருப்பிக் கேட்டாரு. எனக்கு பதில் இல்லீங்க. கிளையன்ட்டுக்கு மரியாதையா ஒரு மெயில் போட்டேன், அந்த இன்னொரு விசயம் என்னங்க ஐயான்னு. ஒண்ணும் வரல. பதினோராவது நாள் வந்துச்சு. அவரோட குடோன் வேற இடத்துக்கு மாறுதாம், அடுத்த லாட்ல இருந்து டெலிவரி அட்ரஸ் மாத்திக்கோங்க, அவ்ளோதான் மேட்டர்.

நடுவுல அந்த பதினோரு நாள்ல முதலாளி பேக்கிங் செக்சன்ல ரெண்டு கேமரா மாட்டிட்டாரு. அங்க இருக்கற அண்ணனுங்க யாரும் என்கூட பேசறதில்ல இப்ப, டீ சொன்னா கூட நாலு டீதான் சொல்றாங்க, எனக்கு இல்ல. நேத்து மெயிலைக் கொண்டுபோய்க் காட்டி, அதான் தெளிவாயிருச்சுங்களே, கேமராவைக் கழட்டிரலாமுங்களான்னு கேட்டேன்.

பாக்கலாம்னாரு.